கீழாநெல்லி: சான்றுகள் எங்கே நிற்கின்றன?

1988 அக்டோபர் 1 தேதியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. ஹெபடைட்டிஸ் பி வைரஸை நெடுநாளாக உடலில் சுமப்பவர்கள் சிலருக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மருந்தை நிறுத்தி 15 முதல் 20 நாள் கழித்து ரத்தத்தைச் சோதித்தபோது, கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜன் இல்லை. போலி மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்திருந்தது. ஒரு பக்கம் 59 விழுக்காடு, மறு பக்கம் 4 விழுக்காடு.

ஆய்வை முன்னின்று நடத்தியவர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன். உடன் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பரூக் புளும்பர்க். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர். வரப்பில் தானாக முளைக்கும் ஒரு செடியை உலகின் முதல்நிலை மருத்துவ இதழ் இவ்வளவு மரியாதையோடு வரவேற்றது அதுவரை அபூர்வம். தமிழ்நாட்டில் அந்தச் செய்தி இன்றுவரை ஓயவில்லை. கீழாநெல்லி பற்றிய துண்டறிக்கை, மருந்துப் புட்டி, கருத்தரங்க உரை எதை எடுத்தாலும் 'லான்செட்டே ஒப்புக்கொண்டது' என்ற வரி ஏதாவது ஒரு வடிவில் இருக்கும்.

அந்த வரி முழு உண்மையைச் சொல்லவில்லை. மூலிகைகளைச் சோதிக்கும் நம் முறை எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே இற்றுப்போகிறது என்பதை அறிய இந்த ஒரு செடியின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தாலே போதும்.

லான்செட் கட்டுரைக்கு ஓராண்டு முன், 1987இல், வெங்கடேசுவரன், மில்மன், புளும்பர்க் மூவரும் ஆய்வகச் சோதனைகளை வெளியிட்டிருந்தார்கள். செடியின் நீர்ச்சாறு வைரஸின் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைத் தடுத்தது; வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜனோடு ஒட்டிக்கொண்டது. அடுத்து வுட்சக் என்ற வட அமெரிக்கக் கொறிவிலங்குக்குப் போனார்கள். அதற்கும் இதே குடும்பத்து வைரஸ் ஒன்று உண்டு. நெடுநாள் தொற்றுள்ள ஆறு விலங்குகளில் ஐந்துக்கு மருந்து, ஒன்றுக்கு இல்லை. மருந்து பெற்றவற்றில் ஆன்டிஜன் அளவு வேகமாகக் குறைந்தது. அண்மையில் தொற்றிய நான்கு விலங்குகளில் மூன்று வைரஸிலிருந்து விடுபட்டன. மூன்றாவது சோதனையில் தோலுக்கடியில் 12 வாரம் ஊசி போட்டும் பலன் இல்லை; வயிற்றுக் குழிக்குள் செலுத்தியபோது ஐந்தில் இரண்டுக்கு அளவு குறைந்தது.

இந்த விவரங்களை அவர்கள் மறைக்கவில்லை. கட்டுரைச் சுருக்கத்திலேயே எல்லாம் இருக்கிறது. அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் படிப்பவர் இரண்டு இடங்களில் நின்றாக வேண்டும். ஒப்பீட்டுக்கு ஒரே ஒரு விலங்கை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. இன்னொன்று, சாறு வேலை செய்தது வயிற்றுக் குழிக்குள் நேராகச் செலுத்தியபோது. நம் வீடுகளில் யாரும் கீழாநெல்லியை ஊசியில் ஏற்றுவதில்லை. வாய்வழி போவது இரைப்பையின் அமிலம், குடலின் நொதி, பாக்டீரியா எல்லாவற்றையும் கடந்து, பிறகு கல்லீரலிலும் உருமாறித்தான் ரத்தத்துக்கு வருகிறது.

அந்தச் சாற்றில் என்ன இருக்கிறது? இதன் கசப்புப் பொருளான ஃபில்லாந்தினை 1946இல் பிரித்தெடுத்தவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் டி.ஆர். சேஷாத்ரியும். சேஷாத்ரி நம் குளித்தலையில் பிறந்தவர். இந்தியத் தாவர வேதியியலில் ஒரு தலைமுறையையே உருவாக்கியவர். பின்னர் ஹைப்போஃபில்லாந்தின், ஜெரானின், கொரிலாஜின், எல்லாஜிக் அமிலம் என்று பட்டியல் நீண்டது. இவற்றில் ஜெரானினும் கொரிலாஜினும் டானின் வகை. டானின் என்றாலே புரதத்தோடு ஒட்டும் குணம். கடுக்காயைக் கடித்தால் நாக்கு சுருங்குவது இதனால்தான், தோல் பதனிடுவதும் இதனால்தான். நொதியும் புரதம், மேற்பரப்பு ஆன்டிஜனும் புரதம். ஆகவே டானின் நிறைந்த ஒரு சாறு சோதனைக்குழாயில் நொதியைத் தடுத்தது, ஆன்டிஜனோடு ஒட்டியது என்றால், அது இந்த வைரஸுக்கு எதிரான தனிச் சிறப்பா, கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும் பொதுக் குணமா என்று முதலில் கேட்க வேண்டும். டானினை நீக்கிய சாற்றையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் பாதிக் குழப்பம் தீரும். மூலிகைச் சாறு பற்றிய ஏராளமான கட்டுரைகளில் இந்த எளிய படி இல்லை.

குடலில் இந்த டானின்கள் பெரும்பாலும் சிதைந்துபோகின்றன. குடல் பாக்டீரியாக்கள் எல்லாஜிக் அமிலத்தை யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. குழாயில் வேலை செய்த மூலக்கூறு கல்லீரலுக்குப் போய்ச் சேரும் மூலக்கூறாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அளவைப் பற்றியும் ஒரு கணக்குப் போடலாம். ஆய்வேடுகளில் 'ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவில் சாறு செயல்பட்டது' என்பது வெகு சாதாரணமாகக் காணும் வாக்கியம். ஒரு மனிதரின் ரத்தத் திரவம் ஏறக்குறைய 3 லிட்டர். அதில் அந்தச் செறிவு வர வேண்டுமானால் 300 மில்லிகிராம் சாறு துளியும் வீணாகாமல் ஒரே நேரத்தில் ரத்தத்துக்குள் இருக்க வேண்டும். சென்னை ஆய்வில் ஒரு வேளைக்குக் கொடுத்தது 200 மில்லிகிராம் பொடி. பொடிதான், சாறு அல்ல. அதன் பெரும்பகுதி நார். முழுதும் ஜீரணமாகி ரத்தத்தில் கலந்தாலும் அந்தச் செறிவு வராது. இத்தகைய கணக்கை முனைவர் பட்ட ஆய்வேடுகளின் முடிவுரையில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இனி மனிதர்களிடம் நடந்த சோதனைக்குத் திரும்புவோம். 22-க்கு 1 என்ற வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியது அல்ல. புள்ளியியல் தெரிந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எனவே இரண்டில் ஒன்றுதான் மெய்யாக இருக்க முடியும்: மருந்து உண்மையிலேயே அபாரமாக வேலை செய்தது, அல்லது ஆய்வின் அமைப்பில் ஏதோ ஒரு சாய்வு இருந்தது. ஹெபடைட்டிஸ் பி-யை நெடுநாள் சுமப்பவர்களில் மேற்பரப்பு ஆன்டிஜன் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். இன்று உலகம் முழுதும் பயன்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை அடக்கிவைக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டாலும் மேற்பரப்பு ஆன்டிஜனை ஒழிப்பது மிகச் சிலருக்குத்தான். அந்த இலக்கைத்தான் இன்றைய மருத்துவம் 'செயல்முறைக் குணம்' என்று பெயரிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறது. 30 நாளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது கிடைத்தது என்றால், அதைவிடப் பெரிய செய்தி இந்தத் துறையில் இல்லை. கூற்று இவ்வளவு பெரிதாக இருக்கும்போது சான்றும் அதே அளவு பெரிதாக இருக்க வேண்டும்.

கட்டுரை தன்னைத் தொடக்கநிலை ஆய்வு என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டது. முடிவில் கணக்கிடப்பட்டவர்கள் 37 பேரும் 23 பேரும்; இரண்டு அணிகளும் சம அளவில் இல்லை. யார் யார் நடுவில் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்பது இத்தகைய ஆய்வில் முடிவையே மாற்றக்கூடியது. நலம் பெறாதவர் ஒரு அணியிலிருந்து மட்டும் கூடுதலாகக் கழன்றுகொண்டால் மீதமுள்ளவர்களின் விழுக்காடு பொய்க் கதை சொல்லும். மேலும், பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் ஹெபடைட்டிஸ் பி பெரும்பாலும் தானாகவே ஒழிந்துவிடுகிறது. நெடுநாள் சுமப்பவர் என்று எண்ணிச் சேர்த்தவர்களில் புதுத் தொற்றுக்காரர் சிலர் ஓர் அணியில் மட்டும் கூடுதலாக இருந்திருந்தாலும் விடை மாறும். இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. 60 பேர் கொண்ட ஓர் ஆய்வால் இந்தச் சாத்தியங்களை விலக்க முடியாது என்கிறேன். விலக்க ஒரே வழி, வேறு இடத்தில், வேறு கைகள், அதே சோதனையை மறுபடி செய்வது.

செய்தார்கள். தாய்லாந்தில் செய்தார்கள், 1990இல் அதே லான்செட்டில் வந்த கடிதத்தின் தலைப்பே, அறிகுறியற்ற சுமப்பாளர்களிடம் ஆன்டிஜனை ஒழிக்கக் கீழாநெல்லி தவறிவிட்டது என்று சொன்னது. மும்பையில் செய்தார்கள், நியூசிலாந்தில் செய்தார்கள். இரண்டும் 1994இல் வெளியாகி அதையே உறுதிப்படுத்தின. ஆஸ்திரேலியக் குழு ஒன்று வாத்துகளில் இந்த வைரஸின் உறவுக்கார வைரஸை வைத்துச் சோதித்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் தியாகராஜனும் ஒருவர். விடை சாதகமாக இல்லை. தன் கண்டுபிடிப்புக்கு எதிராகப் போகக்கூடிய சோதனையில் தானே பங்கெடுப்பது விஞ்ஞானிக்கு அழகு. துண்டறிக்கை அச்சிடுபவர்கள் இதையும் சேர்த்து அச்சிட்டிருக்க வேண்டும்.

2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு வந்தது. கீழாநெல்லிப் பேரினத்துச் செடிகளை நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளிடம் சோதித்த 16 ஆய்வுகள், மொத்தம் 1,326 பேர். போலி மருந்தோடு நேராக ஒப்பிட்டது ஒரே ஒரு ஆய்வு. அதில் 42 பேர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மற்றவை வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவை. சிலவற்றில் ஓரளவு கூடுதல் பலன் தென்பட்டது. ஆனால் ஆய்வுகளின் தரம் தாழ்ந்திருந்ததால் அதை நம்பிப் பரிந்துரைக்க முடியாது என்று மதிப்பாய்வாளர்கள் எழுதினார்கள்.

இங்கே ஆதரவாளர்கள் எழுப்பும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அது வலுவானது, தட்டிவிடக் கூடாதது: 'அவர்கள் சோதித்தது நம் கீழாநெல்லிதானா?'

1987ஆம் ஆண்டுக் கட்டுரை செடியை 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்றது. மறு ஆண்டு லான்செட் கட்டுரை 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்' என்றது. இது அச்சுப் பிழை அல்ல. நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியத் தாவர நூல்கள் நிரூரி என்று நெடுங்காலம் எழுதிவந்தது உண்மையில் அமாரஸ், ஃபிரட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று தனி இனங்களின் கலவை என்று 1985இல்தான் மித்ரா, ஜெயின் இருவரும் தெளிவுபடுத்தினார்கள். மூன்றும் நிற்கும் உயரம் ஒன்று, இலை அடுக்கு ஒன்று, இலைக்கடியில் காய் தொங்கும் விதம் ஒன்று. வேறுபாட்டைக் காணக் கைக்கண்ணாடி வேண்டும். கடுகளவு பூவைத் திருப்பிப் பார்த்தால் அமாரஸுக்கு ஐந்து இதழ்கள், ஃபிரட்டர்னஸுக்கு ஆறு. சிவப்புக் கீழாநெல்லி என்னும் யூரினேரியா மட்டும் எளிதில் பிடிபடும்: தண்டு சிவந்திருக்கும், காயில் சிறு முண்டுகள் இருக்கும்.

ஐந்தா ஆறா என்பது வெறும் தாவரவியல் நுணுக்கம் அல்ல. சேஷாத்ரி பிரித்த ஃபில்லாந்தின் இந்த இனங்கள் எல்லாவற்றிலும் ஒரே அளவில் இல்லை. அமாரஸில் தெளிவாகக் கிடைப்பது சில இனங்களில் கிடைப்பதே இல்லை. 1995இல் சீனாவில் மூன்று வெவ்வேறு தயாரிப்புகளை ஒப்பிட்டபோது யூரினேரியா உண்டவர்களிடம்தான் வைரஸின் இன்னோர் ஆன்டிஜனான இ-ஆன்டிஜன் மறைவது கூடுதலாக இருந்தது. தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிய மாதிரிகளை மரபணு முறையில் சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், 76 விழுக்காடு கடைகளில்தான் சரக்கு ஏறக்குறைய முழுதும் அமாரஸ். மற்றக் கடைகளில் வேறு ஐந்து இனங்கள் இருந்தன. ஆக, காகிதத்தில் 'கீழாநெல்லி' என்று எழுதிவிட்டால் மட்டும் எந்தச் செடி என்பது முடிவாகிவிடாது.

இந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அது இரு பக்கமும் வெட்டும். தோற்ற ஆய்வுகளில் செடி மாறியிருக்கலாம் என்றால், வென்ற ஆய்வின் பலன் இன்று கடையில் வாங்கும் புட்டிக்கும் பொருந்தாது. சென்னைச் செடிக்கு மட்டும் அந்த ஆற்றல் உண்டு என்றால், அதே வயலின் செடியை எடுத்து, அதன் வேதிக் கையொப்பத்தைப் பதிவு செய்து, பெரிய அளவில் மறுபடி நிரூபித்திருக்க வேண்டும். லான்செட் கட்டுரை வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பலன் அத்தனை பெரியதாக இருந்தால் 200 பேரை வைத்தே ஐயமில்லாமல் காட்டியிருக்கலாம். 59 விழுக்காட்டை யாரும் இதுவரை மறுபடி காட்டவில்லை.

சர்ப்பகந்தாவின் வரலாற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதன் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக எழுதினார்கள். 1949இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளிடம் அளந்து காட்டிப் பிரிட்டன் இதயநோய் இதழில் வெளியிட்டார். 1952இல் சீபா நிறுவனத்தார் ரெசர்பின் என்ற மூலக்கூறைப் பிரித்தார்கள். அதன் பிறகு எந்த நாட்டில், எவர் கொடுத்தாலும் அழுத்தம் குறைந்தது. மனச்சோர்வு முதலான பக்க விளைவுகளும் எல்லா இடத்திலும் தெரிந்தன. அதனால் பின்னாளில் அதன் இடத்தை வேறு மருந்துகள் பிடித்தன. மெய்யாகவே ஆற்றலுள்ள பொருள் இப்படித்தான் நடந்துகொள்ளும்: கை மாறினாலும் பலன் மாறாது, தீமையும் மாறாது. சீனாவில் து யூயூ என்ற விஞ்ஞானி 1971இல் ஒரு மூலிகையைக் கொதிக்கவைத்துச் சாறெடுப்பதை விட்டுத் தாழ்ந்த வெப்பத்தில் ஈதரில் எடுத்து, மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கிடைத்ததும் அதே இயல்புக்குச் சான்று. பழைய நூல் அவருக்கு வழி காட்டியது. அந்த வழி சரிதான் என்று உறுதிசெய்தது எலியும் மனிதரும் கலந்த சோதனை.

நம் கல்லூரிகளில் நடக்கும் மூலிகை ஆய்வில் பெரும்பகுதி இந்த நிலைக்கு வருவதே இல்லை. ஒரு வழக்கமான ஆய்வேட்டைத் திறந்து பாருங்கள். செடியை நிழலில் உலர்த்தி, மிக்சியில் பொடித்து, சாக்ஸ்லெட் கருவியில் பெட்ரோலியம் ஈதர், குளோரோஃபார்ம், மெத்தனால் என்று வரிசையாகச் சாறெடுக்கிறார்கள். மேயர் கரைசலில் வெண்ணிற வீழ்படிவு வந்தால் ஆல்கலாய்டு உண்டு. ஃபெரிக் குளோரைடில் கருநீலம் வந்தால் டானின் உண்டு. குலுக்கி நுரைத்தால் சபோனின் உண்டு. அட்டவணையில் கூட்டல் குறி. அடுத்து டி.பி.பி.எச். சோதனை: ஊதா நிறக் கரைசல் மஞ்சளானால் 'ஆற்றல் மிக்க ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி'. காலையில் குடிக்கும் தேநீரும் அதே நிறமாற்றத்தைத் தரும். எந்தச் செடியிலும் பச்சை இலை இருந்தால் இந்த அட்டவணை நிரம்பிவிடும். நிரம்பிய அட்டவணையிலிருந்து 'ஆகவே இச்செடி புற்றுநோய், நீரிழிவு, கல்லீரல் நோய்களுக்கு மருந்தாகலாம்' என்று முடிவுரை தாவுகிறது. மாணவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மூன்றாண்டில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற விதி, கையில் இருக்கும் கருவி, வழிகாட்டியின் வழக்கம் மூன்றும் சேர்ந்து அவர்களை இங்கே தள்ளுகின்றன. ஆனால் உழைப்பு வீணாகிறது. அது என்னை வருத்துகிறது.

கீழாநெல்லியின் 'கல்லீரல் காப்பு' என்ற புகழும் பெரும்பாலும் இத்தகைய ஒரு சோதனையின் மேல்தான் நிற்கிறது. எலிக்கு ஒரு வாரம் சாறு கொடுத்து, பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு ஊசி போட்டு, கல்லீரல் நொதிகள் எவ்வளவு ஏறுகின்றன என்று பார்ப்பார்கள். சாறு கொடுத்த எலிகளில் ஏற்றம் குறைவு. முடிவு 'காப்பு உறுதி'. கார்பன் டெட்ராகுளோரைடு தானாக நஞ்சு அல்ல; கல்லீரலின் ஒரு நொதி அதைச் சிதைத்து உருவாக்கும் துணுக்குதான் நஞ்சு. அந்த நொதியை முன்கூட்டியே சற்று அடக்கும் எந்தப் பொருளும் எலியைக் காக்கும். அது கல்லீரலைக் குணப்படுத்தவில்லை, நஞ்சு உருவாவதைத் தடுத்தது. நோயாளியோ கல்லீரல் கெட்ட பிறகு வருகிறார். கெடுத்தது வைரஸ் அல்லது மது. சாற்றை நஞ்சுக்கு முன் கொடுத்த ஓர் அணி, பின் கொடுத்த ஓர் அணி என்று பிரித்தால் உண்மை வெளிப்படும். பல ஆய்வுகளில் பின் கொடுத்த அணியே கிடையாது.

மரபுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். நம் கிராமங்களில் கீழாநெல்லி கொடுத்தது மஞ்சள் காமாலைக்கு. முழுச் செடியை வேரோடு பிடுங்கி, அம்மியில் விழுதாக அரைத்து, மோரிலோ பாலிலோ கலந்து, வெறும் வயிற்றில், பத்தியத்தோடு கொடுத்தார்கள். சென்னை ஆய்வு எடுத்துக்கொண்டதோ காமாலையே இல்லாத, உடலில் எந்த உபாதையும் தெரியாத வைரஸ் சுமப்பாளர்களை, கொடுத்ததோ உலர்பொடி. பாட்டியும் வைத்தியரும் சொல்லாத ஒன்றையே ஆய்வகம் சோதித்தது. அங்கே கிடைத்த 59 விழுக்காடு மெய்யாக இருந்தாலும் அது மரபின் வெற்றி ஆகாது. பின்னால் வந்த தோல்வியும் மரபின் தோல்வி ஆகாது.

அப்படியானால் மரபு சொன்னது மெய்யா? 'எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் குணமானது' என்று நூறு பேர் சொல்வார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் நோய்கள். ஓய்வு எடுத்து, மது தொடாமல், எளிதில் செரிப்பதை உண்டால் கண்ணின் மஞ்சள் இறங்கிவிடும். கீழாநெல்லி உண்டவருக்கும் இறங்கும், உண்ணாதவருக்கும் இறங்கும். இரண்டு கூட்டத்தையும் பக்கம் பக்கமாக வைத்து நாள் எண்ணாத வரை, செடி எத்தனை நாளைக் குறைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்கு உலகின் எந்த ஆய்வகத்தையும்விட நம் ஊர் மருத்துவமனைகள்தான் பொருத்தமானவை. கேள்வியே சரியாகக் கேட்கப்படவில்லை என்பதுதான் குறை.

காமாலை ஒரு நோயின் பெயரல்ல, ஓர் அறிகுறி. வைரஸ், பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல், ரத்த அணுச் சிதைவு, கணையப் புற்று, காசநோய் மாத்திரை என எதனாலும் கண் மஞ்சளாகலாம். எல்லாவற்றுக்கும் ஒரே விழுதைக் கொடுத்துக் காத்திருப்பதில் உள்ள ஆபத்து செடியில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது.

'சித்த மருத்துவம் ஆளுக்கேற்ப, நாடிக்கேற்பக் கொடுப்பது. எல்லோருக்கும் ஒரே மாத்திரை தரும் சோதனை அதற்குப் பொருந்தாது' என்பார்கள். பொருந்தும். வைத்தியர் தம் விருப்பப்படி அளவு மாற்றி, அனுபானம் மாற்றி, பத்தியம் சொல்லிக் கொடுக்கட்டும். அந்த முழு வைத்தியத்தையே ஓர் அணியாக வைத்துக் குலுக்கல் முறையில் ஒப்பிடலாம். சாதகமான விடை வந்தால் லான்செட்டை மேற்கோள் காட்டுவதும், பாதகமாக வந்தால் அந்த அளவுகோலே செல்லாது என்பதும் ஒருசேர நிற்க முடியாது.

'ஆயிரம் ஆண்டு பழக்கம், ஆகவே பாதுகாப்பானது' என்பதும் அரை உண்மை. உண்டவுடன் வாந்தி எடுக்கவைக்கும் செடியை மரபு கண்டுபிடித்துவிடும். ஆயிரத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் கழித்துக் கல்லீரலைத் தாக்குவதைத் தனி வைத்தியர் எவரும் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பதிவேடும் எண்ணிக்கையும் வேண்டும். கோவிட் காலத்தில் சீந்தில் கொடியை எதிர்ப்புச் சக்திக்கென்று தொடர்ந்து உட்கொண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மறு ஆண்டு பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. அங்கும் 'அது வேறு இனச் சீந்தில்' என்ற விவாதம் எழுந்தது. கீழாநெல்லிக்கு அத்தகைய புகார் பெரிதாக இல்லை. எனினும் பழைய நூலில் உள்ள மருந்து என்றால் உரிமம் பெற மனிதச் சோதனை தேவையில்லை என்ற நிலையில், செடி மாறிப்போவதைத் தடுக்கும் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். கீழாநெல்லி ஹெபடைட்டிஸ் பி-யைக் குணமாக்கும் என்ற கூற்று நிராகரிக்கப்பட வேண்டியது. ஒரு நல்ல தொடக்கநிலை ஆய்வு அதை எழுப்பியது. மறுசோதனைகள் அதைத் தாங்கவில்லை. செல் அளவில் இந்தச் சாறு வைரஸின் படியெடுப்பைக் குறைக்கிறது என்று 1996, 1997இல் வந்த ஆய்வுகள் கவனத்துக்குரியவை. ஆனால் அவை மருந்து அல்ல, மருந்து தேடுவதற்கான ஒரு காரணம் மட்டுமே. தண்ணீரால் வரும் காமாலையை அது விரைவில் இறக்குமா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. அதற்கு 'ஆம்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது.

அந்தக் கேள்வியை மூடுவது கடினமும் இல்லை. செடியின் உலர்மாதிரி ஒன்றைக் கோவை மெட்ராஸ் ஹெர்பேரியத்திலோ திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்திலோ வைத்துப் பெயர் உறுதிசெய்ய வேண்டும். ஃபில்லாந்தின், ஜெரானின் அளவைத் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி அளக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ என்று ரத்தத்தில் உறுதியானவர்களைக் குலுக்கிப் பிரித்து, ஓர் அணிக்குக் கீழாநெல்லி விழுது மோரில், மற்றதற்குத் தீங்கற்ற ஒரு கீரை விழுது மோரில் கொடுத்து, பிலிரூபின் இயல்புக்கு வரும் நாளை எண்ண வேண்டும். ஆய்வு தொடங்குமுன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்து, விடை எதுவானாலும் அச்சிட வேண்டும். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியும் கைகோத்தால் இது கைக்கு எட்டாத வேலை அல்ல. நூறு கூட்டல்-கழித்தல் அட்டவணைகளைவிட இந்த ஓர் ஆய்வு மரபுக்கு அதிக மரியாதை செய்யும்.

அதுவரை, வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி-யோடு வாழ்பவர்கள் ஏறக்குறைய 2.98 கோடிப் பேர். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ரத்தச் சோதனையில் இருப்பதாகத் தெரிந்தால், செடியை நம்பி டெனோஃபோவிரை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் சீறி எழுந்து கல்லீரல் செயலிழக்கலாம். வீட்டில் உள்ள மற்றவர்களையும் சோதித்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். பிறக்கும் குழந்தைக்கு முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ்ச் சோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.